பினாங்குத் தீவா, பெருநிலமா? ஒருவருக்கு பாயான் லெப்பாஸ், ஒருவருக்கு செபராங் ஜெயா

கிள்ளான்காரன்:

வணக்கம். வருடக் கடைசியில் கிள்ளானிலிருந்து குடும்பத்தோடு பினாங்குக்கு மாறுகிறோம். எனக்கு தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. காலை 8க்கு உள்ளே இருக்க வேண்டும், மாலை 5.30க்கு முடியும். மனைவி தாதி, பெருநிலத்தில் உள்ள செபராங் ஜெயா மருத்துவமனைக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது, ஷிப்ட் வேலை. மூத்தவள் ஐந்தாம் ஆண்டு. சின்னவன் வரும் ஜனவரியில் முதலாம் ஆண்டு. இருவருக்கும் தமிழ்ப்பள்ளிதான் என்பதில் மாற்றமில்லை. அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. கார் ஒன்று, மோட்டார் ஒன்று. முதல் இரண்டு வருடம் வாடகை வீடு, பிடித்தால் அங்கேயே வாங்குவோம்.

தீவில் கொண்டோ (அடுக்குமாடி வீடு) பார்க்கலாமா, பெருநிலத்தில் தரை வீடு பார்க்கலாமா? வாடகையை வைத்துப் பார்த்தால் பெருநிலம்தான். வேறு எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும்?

பிறைவாசி:

வாடகையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். தினமும் பாலத்தைக் கடக்கப் போவது யார், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில்? இதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் பக்கம் குடியிருந்தாலும் உங்கள் வீட்டில் ஒருவர் கடந்தே ஆக வேண்டும்.

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் இரண்டு பாலத்திலும் டோல் (சுங்கக் கட்டணம்) தீவை நோக்கி வரும்போது மட்டும்தான். தீவில் குடியிருந்து மனைவி இந்தப் பக்கம், அதாவது பெருநிலத்துக்கு, வேலைக்கு வந்தாலும், வீடு திரும்பும்போது கட்டத்தான் வேண்டும். ஆகவே தீவில் இருந்தால் டோல் மிச்சம் என்ற பேச்சு உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது. காருக்கு முதல் பாலத்தில் 5.74 வெள்ளி (ரிங்கிட்), இரண்டாம் பாலத்தில் 7 வெள்ளி. மாதம் 22 நாள் என்றால் முதலாவதில் 126 வெள்ளி சொச்சம், இரண்டாவதில் 154. மோட்டாருக்கு 2019 ஜனவரியிலிருந்து இரண்டிலும் டோல் கிடையாது. உங்களிடம் இருப்பது ஒரே கார் என்பதால் இது பெரிய விஷயம்.

எந்தப் பாலம் என்பதையும் யோசியுங்கள். 1985ல் திறந்த முதல் பாலம் பிறையிலிருந்து குளுகோருக்கு, மொத்தம் 13.5 கிலோமீட்டர். இறங்கியதும் துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பி பாயான் லெப்பாஸ் போக வேண்டும். 2014ல் திறந்த இரண்டாம் பாலம் பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்கு, 24 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 17 கடலுக்கு மேல். நீளம் அதிகம்தான், ஆனால் தொழிற்பேட்டைக்குத் தெற்குப் பக்கமாக வந்து சேர்வதால் உங்களைப் போன்றவர்கள் அதைத்தான் விரும்புவார்கள்.

பத்து காவானில் புது வீடுகள் நிறைய. பலரும் அங்கே போகச் சொல்வார்கள். உங்களுக்கு அது சுலபம், மனைவிக்குச் சிரமம். அங்கிருந்து செபராங் ஜெயாவுக்கு வடக்கே வர ஜூருவைத் தாண்ட வேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஜூருவுக்கும் சுங்கை டுவாவுக்கும் நடுவில் டோல் இல்லை. அதனால் உள்ளூர் வண்டிகள், பிறை தொழிற்சாலை லாரிகள், பாலத்துக்குப் போகும் கார்கள் எல்லாம் அந்த ஒரே துண்டில் வந்து விழுகின்றன. காலை 7 மணி ஷிப்ட்டுக்குப் போகும்போது தப்பிக்கலாம். மதியம் 2 மணி ஷிப்ட்டிலும் சமாளிக்கலாம். இரவு வேலை முடிந்து காலை 7க்குக் கிளம்பி, தூக்கக் கண்ணோடு அந்த நெரிசலுக்குள் மாட்டுவது ஆபத்து.

என் கருத்து: செபராங் ஜெயா, பிறை, மாக் மண்டின் சுற்றுவட்டத்தில் தரை வீடு. நீங்கள் மோட்டாரில் முதல் பாலம். கார் வீட்டில் நிற்கட்டும். மனைவியின் இரவு ஷிப்ட்டுக்கும் அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போகவும் அது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

தீவுக்குப் போகும் படகை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2023 ஆகஸ்டில் வந்த புதுப் படகுகளில் கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் இரு சக்கர வண்டிகளும் மட்டும்தான். அதுவும் ஜார்ஜ் டவுன் கரையிலுள்ள பெங்காலான் வெல்டில் இறக்கிவிடும். ஜார்ஜ் டவுனில் வேலை செய்பவர்களுக்கு அருமை, பாயான் லெப்பாஸுக்குச் சுற்று.

சுங்கை ஆரா அக்கா:

பிறைவாசியின் டோல் கணக்கு சரி. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

காலையில் நெரிசல் தீவை நோக்கி, மாலையில் பெருநிலத்தை நோக்கி. தம்பி, நீங்கள் அந்தப் பக்கம் குடியிருந்தால் இரண்டு வேளையும் நெரிசலோடு சேர்ந்து போவீர்கள். தீவில் குடியிருந்தால் மனைவி இரண்டு வேளையும் நெரிசலுக்கு எதிர்த்திசையில் போவார். கடக்கும் பாலம் அதே பாலம்தான், ஆனால் படும் பாடு வேறு.

அடுத்தது, மனைவிக்கு மாலை ஷிப்ட் விழும் நாட்கள். 2 மணியிலிருந்து 9 மணி வரை அவர் வீட்டில் இல்லை. பள்ளி விட்டு வரும் இரண்டு பிள்ளைகளும் படி ஏற முடியாத அம்மாவும் தனியாக. 5.30க்கு வேலை முடிந்து, தீவிலேயே பாயான் பாரு, சுங்கை ஆரா, ரெலாவ் பக்கம் வீடு என்றால் மோட்டாரில் 6 மணிக்குள் கதவைத் திறக்கலாம். அதே நேரத்தில் பாலத்தை நோக்கிக் கிளம்பினால், மழை நாளில் எப்போது போய்ச் சேர்வீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பாலத்தில் ஒரு விபத்து நடந்தால் திரும்பி வேறு வழி பிடிக்க முடியாது. நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான்.

மோட்டாருக்கு டோல் இல்லை என்பது உண்மை. மழைக்காலத்தில் பாலத்தின் மேல் பக்கவாட்டுக் காற்று அடிக்கும், லாரி கடந்து போகும்போது வண்டியை ஒரு இழு இழுக்கும். இரண்டு வருடம், தினமும் இரண்டு தடவை. மழைச் சட்டை, நல்ல டயர், பிரேக் இவற்றில் கஞ்சத்தனம் பார்க்காதவர் என்றால் சரி. எப்படியும் மாதத்தில் சில நாள் கார் எடுக்கத்தான் போகிறீர்கள். அந்த நாட்களில் மனைவி எப்படி வேலைக்குப் போவார் என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

கொண்டோ எடுத்தால் அம்மாவுக்காக மூன்று விஷயம் நேரில் பாருங்கள். லிஃப்ட் உங்கள் மாடியில் நிற்கிறதா? சில பழைய அடுக்குமாடிகளில் எல்லா மாடியிலும் நிற்காது, அரை மாடி படி இறங்க வேண்டும். எத்தனை லிஃப்ட், அதில் எத்தனை ஓடுகிறது? கார் நிறுத்தும் இடத்திலிருந்து லிஃப்ட் வாசல் வரை படி இல்லாத வழி இருக்கிறதா? வீட்டுக்கு ஒரு நிறுத்துமிடம்தான் என்றால் மோட்டாரை எங்கே வைப்பது என்பதையும் நிர்வாக அலுவலகத்திலேயே கேளுங்கள். ஏஜெண்ட் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

தமிழ்வாத்தியார்:

பள்ளி விஷயத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஒரு வருடம் தாமதமாக விழிக்கிறார்கள்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள், பெரும்பாலானவை பெருநிலத்தில். பிறை, மாக் மண்டின், ஜூரு, புக்கிட் மெர்தாஜாம் என்று வரிசையாக இருக்கின்றன. பத்து காவானிலும் உண்டு. தீவில் எண்ணிக்கை குறைவு, ஆனாலும் உங்கள் பக்கத்துக்கு சுங்கை ஆரா தமிழ்ப்பள்ளியும் குளுகோரில் சுப்பிரமணிய பாரதி தமிழ்ப்பள்ளியும் இருக்கின்றன. ஆக எந்தப் பக்கம் போனாலும் தொடக்கப்பள்ளி தடையில்லை.

உண்மையான கேள்வி மூத்தவளின் இடைநிலைப்பள்ளி. டிசம்பர் விடுமுறையில் மாறினால் ஜனவரியில் ஆறாம் ஆண்டு, அதற்கடுத்த வருடம் படிவம் 1 (இடைநிலைப்பள்ளியின் முதல் வருடம்). ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021ல் எடுக்கப்பட்டுவிட்டதால் ஆறாம் ஆண்டில் பள்ளி மாறுவது முன்புபோல் பெரிய அடி அல்ல. ஆனால் எந்த இடைநிலைப்பள்ளி கிடைக்கும் என்பது படித்த தொடக்கப்பள்ளியையும் வீட்டு முகவரியையும் ஒட்டியது. அதனால் வீட்டை முடிவு செய்யும் முன், அந்த வட்டாரத்து இடைநிலைப்பள்ளி அலுவலகத்துக்குப் போய் இவற்றைக் கேளுங்கள்: தமிழ்மொழி பாட நேரத்துக்குள் இருக்கிறதா, பள்ளி முடிந்த பிறகா? நிரந்தரத் தமிழாசிரியர் இருக்கிறாரா? எஸ்.பி.எம்.மில் (படிவம் 5 பொதுத்தேர்வு) தமிழும் தமிழ் இலக்கியமும் எடுக்கும் மாணவர்கள் இருக்கிறார்களா? புகுமுக வகுப்பு (படிவம் 1க்கு முன் ஒரு வருடம் படிப்பது) அதே பள்ளியிலா, வேறு பள்ளியிலா?

1996 கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் பள்ளி தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். நம் பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளியில் அந்த 15 சேராமலே போகும், அல்லது சேர்ந்தும் கேட்க ஆளிருக்காது. நம் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் தாமான்களில் (குடியிருப்புகளில்) இந்தச் சிக்கல் குறைவு. வீட்டு வாடகையில் 200 வெள்ளி மிச்சம் பிடித்து, பிள்ளை ஐந்து வருடம் தமிழில்லாமல் படிப்பதை எந்தத் தாய் தகப்பனும் விரும்ப மாட்டார்கள்.

சின்னவனை கிள்ளான் பள்ளியில் ஏற்கெனவே பதிந்திருப்பீர்கள். புது முகவரி உறுதியானதும் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். பிறப்புச் சான்று, பெற்றோரின் அடையாள அட்டை நகல், முகவரியைக் காட்ட வாடகை ஒப்பந்தம் அல்லது மின்கட்டண ரசீது, மூத்தவளுக்குக் கூடுதலாகத் தேர்ச்சி அறிக்கை, இவை ஒரே கோப்பில் இருக்கட்டும். 2026லிருந்து பள்ளித் தவணை மறுபடியும் ஜனவரியில் தொடங்குகிறது. வாடகை ஒப்பந்தத்தை டிசம்பர் நடுவில் போட்டால் பள்ளி அலுவலகத்தில் ஆளைப் பிடிப்பது கஷ்டம், நவம்பருக்குள் முடியுங்கள்.

கிள்ளான்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மனைவியிடம் கேட்டேன், மாதத்தில் பத்து நாளுக்கு மேல் மாலை ஷிப்ட் வரலாமாம். அதைப் பார்த்தால் அக்கா சொல்வது கனமாக இருக்கிறது. தண்ணீர் தடை, வெள்ளம் இவற்றில் எந்தப் பக்கம் மேல்? வாடகை ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

வீட்டுக்கணக்கு:

தண்ணீரில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். சுங்கை மூடா ஆற்றுத் தண்ணீர் சுங்கை டுவாவில் சுத்திகரிக்கப்பட்டு, தீவுக்குக் கடலடிக் குழாய் வழியாகப் போகிறது. அந்த நிலையத்தில் வேலை நடந்தால் இரு கரையிலும் குழாய் வற்றும். 2024 ஜனவரியில் வால்வு மாற்றியபோது அப்படித்தான் நான்கைந்து நாள் ஆனது. ஆகவே தொட்டியைப் பாருங்கள். 200 காலன் தொட்டி என்றால் சுமார் 900 லிட்டர். ஐந்து பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று சிக்கனமாகப் புழங்கினாலும் இரண்டு நாள் முழுதாகத் தாங்காது. தரை வீட்டில் இன்னொரு தொட்டி வைக்கலாம். கொண்டோவில் பொதுத்தொட்டியை நம்ப வேண்டும், மேல்மாடிக்கு ஏற்றும் பம்ப் பழுதானால் தண்ணீர் இருந்தும் குழாயில் வராது.

வெள்ளத்தைத் தெரு தெருவாகப் பார்க்க வேண்டும். பெருவெள்ளம் வந்த 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் இங்கே தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பக்கத்து வீட்டுக்காரர் இருவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். சுவரில் கோடு, மின் சாக்கெட்டுகள் வழக்கத்துக்கு மேல் உயரத்தில் இருப்பது, வாசலில் தடுப்புப் பலகை சொருகும் பள்ளம் இருந்தால் பதில் தெரிந்துவிடும். பெருநிலத்தில் தாழ்வான தாமான்களில் கடல் ஏற்றமும் பெருமழையும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) தண்ணீர் வடியாது. தீவில் சுங்கை பினாங்கு ஆற்று ஓரமும் மலைச்சரிவை ஒட்டிய இடங்களும் கவனம்.

ஒப்பந்தம்: முன்பணம் பொதுவாக இரண்டு மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை. 1,500 வெள்ளி வீடு என்றால் கையில் 5,250 வெள்ளி தயாராக இருக்க வேண்டும். முத்திரை வரி, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் ஒரு வருட ஒப்பந்தமானால் 1 வெள்ளி, ஒன்றுக்கு மேல் மூன்று வருடம் வரை 3 வெள்ளி. ஆண்டுக்கு 18,000 என்றால் முறையே 72, 216. முன்பு முதல் 2,400க்கு இருந்த விலக்கு 2025லிருந்து இல்லை. கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரை போடுங்கள். தகராறு என்று வந்தால் முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் ஏற்காது.

நீங்கள் இரண்டு வருட ஒப்பந்தம் போட வேண்டாம். ஒரு வருடம், அதே வாடகையில் இன்னொரு வருடம் நீட்டிக்கும் உரிமையோடு எழுதச் சொல்லுங்கள். ஷிப்ட் அட்டவணையும் பள்ளியும் எப்படி அமைகிறது என்பது முதல் வருடத்தில்தான் தெரியும். கொண்டோ என்றால், பராமரிப்புக் கட்டணமும் அதில் 10 விழுக்காடு வரும் சேமநிதியும் (கட்டடத்தின் பெரிய செலவுகளுக்கான நிதி) வீட்டுக்காரர் பொறுப்பு என்று தெளிவாக எழுதியிருக்கட்டும். அவர் கட்டாமல் விட்டால் நிர்வாகம் உங்கள் நுழைவு அட்டையை முடக்கலாம்.

பிறைவாசி:

மாலை ஷிப்ட் பத்து நாள் என்றால் நானும் அக்கா பக்கம் சாய்கிறேன், குறைந்தது முதல் வருடத்துக்கு. அந்த மாலைகளில் பிள்ளைகளுக்கு நீங்கள் அருகில் இருப்பதுதான் முக்கியம். எல்.ஆர்.டி. (இலகு ரயில்) வரும் என்று சொல்லி வாடகை ஏற்றுபவர்களிடம் மயங்க வேண்டாம். 2025ல்தான் வேலை தொடங்கியது, முடிக்க இலக்கு 2031.

பள்ளி நடக்கும் வாரத்தில் வந்து ஓட்டிப் பாருங்கள், விடுமுறையில் வந்தால் சாலை பொய் சொல்லும். திங்கள் காலை 7 மணி ஷிப்ட்டுக்குப் போய்ச் சேரும்படி ரெலாவிலிருந்து செபராங் ஜெயாவுக்கு ஒரு தடவை, வெள்ளி மாலை 5.30க்கு தொழிற்பேட்டை வாசலிலிருந்து பிறைக்கு ஒரு தடவை. இரவு 9 மணிக்கு மருத்துவமனையிலிருந்து தீவுக்குத் திரும்பும் பயணத்தை மனைவியே ஓட்டட்டும், மாலை ஷிப்ட் நாட்களில் அந்த நேரத்தில் தனியாக வரப்போவது அவர்தானே.

கிள்ளான்காரன்:

சரி அண்ணே. அடுத்த மாதம் வெள்ளியும் திங்களும் லீவு எடுத்து இருவரும் வருகிறோம். சுங்கை ஆராவில் தரைத்தளத்திலோ லிஃப்ட் நிற்கும் மாடியிலோ வீடு காலியாக இருப்பது தெரிந்தால் சொல்லுங்கள் அக்கா.