50 மெகாஹெர்ட்ஸ் கிளாக்: 250-இல் கதிர்வீச்சு அடங்க மறுக்கிறது

சிஸ்பிஆர் 32 (மின்னணுச் சாதனங்கள் வெளியிடும் மின்காந்த அலைகளுக்கான சர்வதேசத் தரம்), வகுப்பு பி (வீட்டுச் சூழலுக்கான கடுமையான வரம்பு) சோதனையில் எங்கள் பலகை மூன்று வாரங்களில் இரண்டு முறை தோற்றுவிட்டது. 10 மீட்டர் தொலைவில் 250 மெகாஹெர்ட்ஸில் வரம்பு 37 டெசிபல். எங்களுடையது அதைவிட 6 டெசிபல் அதிகம். பலகையின் 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கின் (சிப்புகளுக்குத் தாளம் தரும் துடிப்பு) ஐந்தாவது ஹார்மானிக், அதாவது ஐந்து மடங்கு அதிர்வெண் அது.

எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகன்ட்ரோலர், ஆர்எம்ஐஐ (மைக்ரோகன்ட்ரோலரை ஈத்தர்நெட் சிப்புடன் இணைக்கும் இடைமுகம்) வழி ஈத்தர்நெட், 4 அடுக்குப் பலகை. 3.3 வோல்ட் ஆசிலேட்டர் ஒன்றே மைக்ரோகன்ட்ரோலருக்கும் ஈத்தர்நெட் சிப்புக்கும் கிளாக் தருகிறது. தடம் நடுவழியில் இரண்டாகப் பிரிகிறது. ஈத்தர்நெட் சிப்புக்குப் போகும் கிளை 110 மில்லிமீட்டர். வழியில் ஒரு வயா (அடுக்குகளை இணைக்கும் உலோகத் துளை) மூலம் மேலடுக்கிலிருந்து அடியடுக்குக்கு இறங்குகிறது. அங்கே அதற்கு அடுத்திருப்பது கிரவுண்ட் அல்ல, 3.3 வோல்ட் தளம். இந்த இடத்தின் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

அலைக்காட்டியில், குறுகிய கிரவுண்ட் முனை வைத்துப் பார்த்தும், உச்சம் 4.6 வோல்ட் வரை போகிறது. ரிங்கிங்கின் (சிக்னல் மாறியதும் வரும் தேவையற்ற அலைவு) ஒரு சுற்று சுமார் 4 நானோநொடி.

ஆசிலேட்டரை ஒட்டியுள்ள தொடர் மின்தடையை 22, 33, 47 ஓம் என மாற்றிப் பார்த்தேன். 47-இல் ரிங்கிங் நன்றாகக் குறைந்தது, ஆனால் கதிர்வீச்சு 2 டெசிபல்தான் இறங்கியது. வயா அருகே 100 நானோஃபாரட் கெபாசிட்டரைக் கையால் பற்றவைத்தேன். இன்னும் 1 டெசிபல் குறைந்தது. ஈத்தர்நெட் கேபிளைக் கழற்றியும் மாற்றமில்லை. ஈத்தர்நெட்டுக்கு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) துல்லியம் வேண்டும் என்பதால் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரமுக்கு (கிளாக் அதிர்வெண்ணைச் சற்றே அசைத்துக் கதிர்வீச்சைப் பரப்பும் முறை) வழியில்லை.

அடுத்த பலகையில் ஆசிலேட்டரிலேயே தடங்களைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி மின்தடை வைத்தால் போதுமா, அல்லது தடம் மேலடுக்கிலேயே போகும்படி ஈத்தர்நெட் சிப்பை இடம் மாற்றியே ஆக வேண்டுமா?