விலங்குகள் ஷெல்டரில் வாலண்டியராக இருந்தவர்களே, இன்னும் மனதை அரிக்கும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

மூன்றாமாண்டு, கோவை

என்.எஸ்.எஸ். மூலமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். கென்னல் கழுவுவது, சோறு வைப்பது, ட்ரிப்ஸ் ஏறும்போது பிடித்துக்கொள்வது, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஒரு லேப்ரடாரைப் பற்றி.

விடிகாலையில் யாரோ கேட் கம்பியில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வயதான பெட்டை. பக்கத்தில் ஒரு துணிப்பை. உள்ளே அதன் தட்டு, சீப்பு, பாதி காலியான தீனிப் பாக்கெட், தடுப்பூசிப் புத்தகம். புத்தகத்தைப் புரட்டினேன். வருடம் தவறாமல் ரேபிஸ் ஊசி. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், பக்கத்திலேயே டாக்டர் கையெழுத்து. குட்டியாக இருந்தபோது கொடுத்த பூச்சி மருந்துகூட எடையோடு எழுதியிருந்தது. முதல் பக்கம் மட்டும் இல்லை. வளர்ப்பவர் பெயரும் போன் நம்பரும் இருக்கிற பக்கம். ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் அவ்வளவு நேர்த்தியாகக் கிழித்திருந்தார்கள்.

பால்மடியில் ஒரு கட்டி இருந்தது, தடவினாலே தெரிந்தது. கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கு வயதான காலத்தில் இது அடிக்கடி வருவதுதான் என்றார் டாக்டர். அதைவிட எங்களை வாட்டியது, அது சாப்பிடாமல் இருந்ததுதான். ரோட்டை ஒட்டிய கென்னல். பஸ், லாரி, ஆட்டோ எது போனாலும் தலையைத் தூக்காது. புல்லட் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து முன்கால்களைக் கம்பியில் வைத்து நிற்கும். வண்டி தாண்டிப் போனதும் படுத்துக்கொள்ளும்.

அத்தனை வருடம் ஊசிக்குக் கூட்டிப்போன கைதான் அந்தப் பக்கத்தையும் கிழித்ததா, இல்லை வீட்டில் வேறு யாராவதா? இன்னும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வைகைக்கரை

தம்பி, கிழித்தவரை இங்கே எல்லோரும் திட்டப்போகிறார்கள். அதற்கு முன்னால் இதையும் கேளுங்கள். நான் போய்வந்த ஷெல்டருக்கு ஒருவர் தன் நாட்டுநாயைத் தானே கூட்டிவந்தார். வீட்டு ஓனர் ஒரு வாரம் கெடு வைத்துவிட்டாராம். ஓடி ஒளியாமல் பெயர், முகவரி எல்லாம் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது தன் சட்டையைக் கழற்றி நாயின் சாக்கின்மேல் விரித்துவிட்டு, பனியனோடு பஸ் ஏறினார். கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடியிருப்புச் சங்கங்கள் செல்லப்பிராணி வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று விலங்கு நல வாரியம் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓனரிடம் மல்லுக்கு நிற்க முடியுமா? சட்டையைக் கழற்றிப் போட்ட மனிதரையும் நாயைக் கைவிட்டவர்கள் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாமாண்டு, கோவை

அக்கா, அவர் எழுதிக் கொடுத்தார். இவர்கள் கிழித்தார்கள். இரண்டும் ஒன்றா? டாக்டர் கூப்பிட்டுப் பேச, அதன் கதையைக் கேட்க ஒரு நம்பராவது விட்டிருக்கலாமே.

திருச்சி ஹாஸ்டல்

என்னுடையது சின்னது. காதுக்குப் பின்னால் புழு வைத்த புண்ணோடு ஒரு தெருநாய். முதல் நாளே இடுக்கியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பஞ்சில் டர்பன்டைன் நனைத்துக் குழியை அடைத்ததும் புழுக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எடுக்க எடுக்கத் தீரவில்லை. முகக்கயிறு அவிழ்ந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கடிக்க வாய்ப்பிருந்தும் அது கடிக்கவில்லை. என் மணிக்கட்டை மெல்லக் கவ்விப் பிடித்துக்கொண்டு, வலிக்கும்போதெல்லாம் கொஞ்சம் அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. பல் தடம்கூடப் பதியவில்லை. அதன் வலி எவ்வளவு என்பது என் கையில் தெரிந்தது.

கால்நடை மருத்துவ மாணவி

திருச்சி ஹாஸ்டல், டர்பன்டைனை இப்படிப் பொதுவில் எழுதாதீர்கள். படிப்பவர்கள் பாட்டிலோடு கிளம்பிவிடுவார்கள். புழு பின்பக்கத்தால் மூச்சு விடும். குழியை அடைத்தால் மூச்சு முட்டி வெளியே வருகிறது, அவ்வளவுதான். டர்பன்டைனே வேண்டும் என்பதில்லை. பச்சைச் சதையை அது எரிக்கும், நாய் நக்கினால் விஷம். பூனைக்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. புழுவைக் கொல்லப் போடும் ஐவர்மெக்டின் ஊசியும் அப்படித்தான், எடை பார்த்து டாக்டர்தான் போட வேண்டும். கோலி வகை நாய்களுக்குச் சாதாரண நாய்க்குப் போடும் அளவே உயிருக்கு ஆபத்தாகலாம்.

அப்புறம் அந்த மணிக்கட்டு. தோல் கிழியவில்லை என்பதைக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் பார்த்தீர்களா? என் அறைத்தோழியை ஒரு ஷெல்டர் குட்டி லேசாகக் கடித்தது. வீட்டில் தெரிந்தால் போகவிட மாட்டார்கள் என்று மறைத்துவிட்டாள். ராத்திரி கூகிளில் தேடித் தேடிப் பயந்து, என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, "செத்துடுவேனா?" என்று கேட்டாள். விடிந்ததும் அரசு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். இலவசமாகவே ஊசி போட்டார்கள்.

அதனால் சொல்கிறேன். ஷெல்டரில் சேர்வதற்கு முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள். கடி பட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். முன்பே ஊசி போட்டவர்களும் கடிபட்டால் மறுபடி இரண்டு ஊசி போட்டாக வேண்டும், அன்றைக்கு ஒன்று, 3ஆம் நாள் ஒன்று. ரேபிஸ் அறிகுறி வந்தபின் பிழைத்தவர்கள் உலகத்திலேயே மிக அபூர்வம். கையுறையும் ஊசியும் இல்லாமல் மாணவர்களை கென்னலுக்குள் விடும் ஷெல்டர் எவ்வளவு நல்ல மனதோடு நடத்தப்பட்டாலும் அங்கே போகாதீர்கள்.

திருச்சி ஹாஸ்டல்

கழுவினேன், பார்த்தேன். கீறல் இல்லை. ஊசியும் போட்டிருக்கிறேன். நான் சொல்ல வந்தது அந்த நாயைப் பற்றி.

பெசன்ட் நகர்

நாய் இல்லை, ஆமை. பரவாயில்லையா? சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்தும் ஆமை நடையில் நானும் போவேன். ராத்திரி முழுக்க மணலில் நடந்து, பங்குனி ஆமை முட்டையிட்ட குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிற வேலை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. முட்டையிட வந்தவற்றின் தடத்தைத் தேடிப் போன நாங்கள், செத்தவற்றை எண்ணிக்கொண்டு நடந்தோம். கழுத்து வீங்கி, கண் பிதுங்கி இருந்தன. வலையில் மாட்டி மூச்சுக்கு மேலே வர முடியாமல் போனதன் அடையாளம் அது. ஒன்றை நாய்கள் கிழித்திருந்தன. வயிற்றில் முட்டைகள் அப்படியே இருந்தன, வெள்ளை வெளேரென்று, உடையாமல். என்னோடு வந்த பள்ளி மாணவி அதை எடுத்துக் குழியில் வைத்தால் பொரிக்குமா என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மீனவர்கள் கொஞ்சம் மனது வைத்தால் இது நடக்காது.

கடலோரத்துப் பெண்

பெசன்ட் நகர், மீனவர்கள் என்று பொதுவாக எழுதிவிட்டீர்களே, எந்த மீனவர்கள்? நானும் கல்லூரியிலிருந்து ஆமை நடைக்குப் போனவள்தான். என் அப்பா சின்ன ஃபைபர் படகில் போகிறவர். அவர் வலையில் ஆமை மாட்டி நானே பார்த்திருக்கிறேன். சிக்கல் எடுக்க நேரமில்லை என்று கத்தியால் வலையை அறுத்துவிட்டார், கடன் வாங்கி எடுத்த வலை. ஆமை படகு ஓரத்தில் தலையை நீட்டி ஒரு மூச்சு விட்டது, மனுஷன் பெருமூச்சு விடுவதுபோலவே சத்தமாக. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கும் அவருக்கும் அந்த வலையை வைத்துப் பெரிய சண்டை.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்பது சட்டம். அதை மீறி வருகிறவர்களைக் கேளுங்கள், அதிகாரிகளைக் கேளுங்கள். எங்களையும் அவர்களையும் ஒரே வரியில் எழுதாதீர்கள்.