சுந்தர்ஜி: படையை நவீனமாக்கிய தளபதியா, அவசரக்காரரா?

செங்கை வாசகன்:
எங்கள் செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜியை, பொற்கோயிலுக்குள் ராணுவம் புகுந்த புளூஸ்டார் நடவடிக்கை, யாழ்ப்பாணம் என்று இரண்டே விஷயத்தில் முடித்துவிடுகிறார்கள். இது நியாயமில்லை. 1979இல் இயந்திரக் காலாட்படை ரெஜிமெண்ட் உருவானபோது அதன் முதல் கர்னல் அவர்தான். டாங்கியின் வேகத்துக்குச் சிப்பாயும் கவச வண்டியில் கூடவே போக வேண்டும் என்று விடாமல் வாதாடியவர். 1986இல் தரைப்படைத் தளபதியானார். அந்த ஆண்டு அருணாசல எல்லையில் சும்துரோங் சூ பள்ளத்தாக்கில் சீனர்கள் வந்து உட்கார்ந்தபோது, கனரக ஹெலிகாப்டர்களில் ஜெமிதாங்குக்குப் படையை ஏற்றி அனுப்பி எதிர் மேடுகளைப் பிடிக்க வைத்தார். 1962இல் நாம் பின்வாங்கிய அதே தவாங் பக்கம்!

வடமராட்சி:
அண்ணை, அதே ஹெலிகாப்டர் துணிச்சலைத்தான் இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப்படை 1987 அக்டோபரில் யாழ் பல்கலைக்கழக வளாகத்திலும் காட்டியது. புலிகள் தயாராகக் காத்திருந்தார்கள். அங்கே இறங்கிய சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். சில வாரங்களில் புலிகளை அடக்கிவிடலாம் என்று சுந்தர்ஜி கணித்ததாக, அப்போது கொழும்பில் தூதராக இருந்த தீட்சித் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 1,200 பேரை இழந்து படை திரும்பியது 1990 மார்ச்சில். எங்கள் சனத்தின் கணக்கு வேறு. 1987 தீபாவளி நாளில் இந்தியச் சிப்பாய்கள் யாழ் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து மருத்துவர்கள், தாதிமார், நோயாளிகள் என்று 60 பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள். இதை எந்த நவீனமயத்தில் சேர்ப்பது?

முன்னாள் ஹவில்தார்:
தம்பி, ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் படையை அனுப்பியது டெல்லி அரசு. பல்கலைக்கழகம் அருகே சிக்கிய கமாண்டோக்களை மீட்கப் போனதும் டாங்கிகள்தான். சாலையில் கண்ணிவெடி என்பதால் ரயில் பாதை மேலேயே ஓட்டிப் போனார்கள்.

வடமராட்சி:
ஐயா, அதைத்தானே நானும் சொல்கிறேன். ராஜஸ்தான் மணலுக்குப் பழக்கிய படை, எங்கள் ஒழுங்கைகளில் சாலையை விட்டுத் தண்டவாளத்தில் ஏற வேண்டியதாயிற்று. அனுப்பியது அரசு, சரி. முடியும் என்று சொன்னது யார்?

செங்கை வாசகன்:
அந்தக் கேள்வி நியாயமானது. அதற்காக மற்றதை அழித்துவிட முடியாது. எதிரி பதிலுக்குச் சுடுவதற்குள் இடம் மாறிவிடக்கூடிய பீரங்கி வேண்டும் என்று அவர் காலத்தில்தான் போஃபர்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊழல் புகாரில் அதன் பெயரே நாறிப்போனது. 1999இல் கார்கில் சிகரங்களை மீட்க அதுதான் கை கொடுத்தது. அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே அவர் இறந்துவிட்டார்.

முன்னாள் ஹவில்தார்:
பிராஸ்டாக்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1986-87இல் ராஜஸ்தானில் அவர் நடத்திய அந்தப் பெரும் பயிற்சியைப் பார்த்து மிரண்டு, பாகிஸ்தானும் படைகளை எல்லைக்கு நகர்த்தியது. அது அவருடைய சாதனை என்றுதான் நான் சொல்வேன்.

வடமராட்சி:
போர் மூளும் நிலைக்குப் போய், கடைசியில் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசிப் படைகளை விலக்க வேண்டி வந்தது. அதுவும் அதே குணம்தான், ஐயா. தான் எடுத்து வைக்கும் அடிக்கு எதிராளி என்ன செய்வான் என்று அவர் போதுமான அளவு யோசிக்கவில்லை. ராஜஸ்தானில் தப்பித்தோம், யாழ்ப்பாணத்தில் தப்பவில்லை.