உள்நாட்டில் உலர் துறைமுகம் கட்டினால் சரக்கு நெரிசல் தீருமா?

நங்கூரம்:
இந்த இழையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் கன்டெய்னர் குவிந்தால் உடனே கரையில் இன்னொரு பெர்த் (கப்பல் கட்டி நிற்கும் மேடை) கட்டக் கிளம்புகிறார்கள். அதற்கு முன் உள்நாட்டில் உலர் துறைமுகம் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். புதிதாக வாசிப்பவர்களுக்கு: கப்பல் வராது, ஆனால் துறைமுகத்தின் மற்ற வேலையெல்லாம் அங்கே நடக்கும். சுங்கச் சோதனை, கிடங்கு, ஏற்றுமதிப் பெட்டிக்கு சீல், காலிப் பெட்டியைத் திரும்ப வாங்கி வைப்பது, எல்லாம். கப்பலிலிருந்து இறங்கிய பெட்டியை ரயில் மொத்தமாக அள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடும். ஐ.நா.வின் ஆசிய-பசிபிக் ஆணையம் 2013-ல் பாங்காக்கில் இதற்கென்றே ஓர் உடன்படிக்கையைக் கையெழுத்துக்கு வைத்தது. 2016-ல் அது அமலுக்கும் வந்துவிட்டது. இத்தனை நாடுகள் வேலையில்லாமலா கையெழுத்துப் போட்டன?

லாரிமுதலாளி:
கையெழுத்துக்கு மை மட்டும்தானே செலவு. கென்யாவில் நடந்ததைப் பாருங்கள். மொம்பாசா துறைமுகத்திலிருந்து தலைநகர் நைரோபிக்குப் புது ரயில் 2017-ல் ஓடத் தொடங்கியது. கடன் வாங்கிப் போட்ட பாதை. கடனை அடைக்க ரயிலுக்குச் சரக்கு வேண்டும். தானாக வரவில்லை, அதனால் இறக்குமதிப் பெட்டிகளை ரயிலில்தான் நைரோபி உலர் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். மொம்பாசாவில் லாரிக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். கிடங்கு வைத்திருந்தவர்கள், சுங்க வேலையை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட்கள், டயர் கடைக்காரர்கள் வரை பிழைப்பு போனது. கடைசியில் 2022-ல் புதிதாக வந்த அதிபர் ரூட்டோ, பதவியேற்ற அன்றே சுங்க வேலையை மொம்பாசாவுக்குத் திருப்பித் தந்தார். நல்ல திட்டம் என்றால் ஏன் சாட்டை தேவைப்பட்டது?

நங்கூரம்:
அது கட்டாயத்தின் தோல்வி, உலர் துறைமுகத்தின் தோல்வி இல்லை.

லாரிமுதலாளி:
எல்லாத் தோல்விக்கும் இந்த ஒரு பதில் போதும் போல.

பெட்டிக்கணக்கு:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ஆளுக்கொரு நாட்டை எடுத்து வீசுவதற்கு முன் ஒரு கணக்குப் போடலாம். எண்கள் என் கற்பனை, விகிதம் புரிவதற்காக மட்டும்.

ஒரு பெட்டியை ஒருமுறை தூக்கி வைக்க 1 அலகு செலவு. லாரியில் 100 கிலோமீட்டருக்கு 2 அலகு. ரயிலில் 100 கிலோமீட்டருக்கு 0.8 அலகுதான், ஆனால் ரயிலைச் சேர்த்துப் பிரிக்கிற செலவாகப் பெட்டிக்கு 2 அலகு. உலர் துறைமுகத்திலிருந்து தொழிற்சாலை 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

200 கிலோமீட்டர் என்றால், லாரி நேராகப் போக 5. ரயில் வழி 7.6. எப்படி? கரையில் ஒரு தூக்கு, உலர் துறைமுகத்தில் இறக்க ஒன்று, மறுபடி லாரியில் ஏற்ற ஒன்று, கடைசி 50 கிலோமீட்டருக்கு ஒன்று, ரயிலுக்கு மீதி. லாரிக்காரர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். 600 கிலோமீட்டர் என்றால் லாரி 13, ரயில் வழி 10.8. இந்தக் கணக்கில் சுமார் 400 கிலோமீட்டர் தாண்டினால்தான் ரயில் ஜெயிக்கும். தொழிற்சாலை உலர் துறைமுக வேலிக்குப் பக்கத்திலேயே இருந்தால் அந்த எல்லை 330-க்கு இறங்கும். நாட்டுக்கு நாடு எண் மாறும், கணக்கின் உருவம் மாறாது.

அதனால் "கட்டலாமா வேண்டாமா" என்று கேட்பதே சரியில்லை. எத்தனை கிலோமீட்டர், எத்தனை தூக்கு என்று கேளுங்கள். நங்கூரம் சொன்ன உடன்படிக்கையையும் கவனித்து வாசியுங்கள். "ஒன்றோ அதற்கு மேற்பட்டதோ" ஆன போக்குவரத்து வழியோடு இணைந்த இடம் என்பதுதான் அதன் வரையறை. ரயிலே இல்லாமல் சாலை மட்டும் இருந்தாலும் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், ரயில் இல்லாத உலர் துறைமுகம் கூரை போட்ட லாரி நிறுத்தம்.

லாரிமுதலாளி:
லாரி நிறுத்தத்தைக் கேவலமாகப் பேச வேண்டாம். மற்றபடி கணக்கு சரி. உங்கள் கணக்குப்படியே பார்த்தாலும் கரையிலிருந்து 100, 150 கிலோமீட்டரில் கட்டுகிறவர்கள் யாருக்காகக் கட்டுகிறார்கள்? சுற்றியுள்ள நிலத்தை முன்கூட்டியே வாங்கிப் போட்டவர்களுக்காக.

நங்கூரம்:
பணத்தை மட்டும் எண்ணினால் போதாது. துறைமுகத்தின் கேட்டில் நெரிசல் இருந்தால் லாரி நிற்கிற ஒவ்வொரு நாளும் காசு. அதைக் கணக்கில் சேர்த்தால் குறைந்த தூரத்திலும் ரயில் கட்டுப்படியாகும். ஸ்வீடனில் கோத்தன்பர்க் துறைமுகத்திலிருந்து நாட்டுக்குள் இருக்கிற பல முனையங்களுக்கு ரயில்கள் ஒழுங்காகப் போய்வருகின்றன. எல்லாமே 600 கிலோமீட்டர் தூரத்தில் இல்லை. அங்கே யாரையும் சாட்டையால் அடிக்கவில்லை.

அமெரிக்காவையும் பாருங்கள். வர்ஜீனியா மாநிலம் கரையிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர் உள்ளே, ஃப்ரன்ட் ராயலில் 1989-லேயே ஒன்று திறந்தது. பால்டிமோர் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கைத் தன் பக்கம் இழுப்பதுதான் நோக்கம். பிறகு அதைச் சுற்றிப் பெரிய நிறுவனங்களின் விநியோகக் கிடங்குகள் வந்து உட்கார்ந்தன.

பெட்டிக்கணக்கு:
350 கிலோமீட்டர், பக்கத்திலேயே கிடங்கு. என் கற்பனைக் கணக்கோடு ஒத்துப்போவது தற்செயல்தான், பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கிடங்குகள் வர ஆண்டுக்கணக்கில் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தென் கரோலினா 2013-ல் கிரீரில் திறந்தபோது கதை வேறு. அந்தப் பக்கத்திலேயே பிஎம்டபிள்யூ கார் ஆலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாளிலிருந்தே ரயிலுக்குப் பெட்டி இருந்தது.

சுங்கவாசல்:
பல ஆண்டுகள் கிளியரிங் வேலை பார்த்தவன். தூரம், தூக்கு எல்லாம் சரி. காகிதத்தைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லையே?

நேபாளத்தின் பீர்கஞ்ச் உலர் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலே இல்லாத நாடு, கொல்கத்தாவிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் ரயில் பயணம். பெட்டிக்கணக்கின் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. கட்டி முடித்தார்கள், தண்டவாளமும் உள்ளே வந்தது. ஆனால் இந்தியாவும் நேபாளமும் ரயில் சேவை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 2004-ல்தான். அதுவரை பெட்டி அடுக்குகிற யார்டு சும்மா கிடந்தது. ஒப்பந்தம் வந்த பிறகும் கன்டெய்னர் ரயில் ஓட்டும் உரிமை ஒரே ஒரு அரசு நிறுவனத்திடம் இருந்தது. மற்ற நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது 2021-ல். கான்கிரீட் போட்ட நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள், எத்தனை வருஷம் காகிதத்துக்குப் போனது என்று.

இதைவிடச் சின்னதாகத் தெரிகிற ஒரு விஷயம்: பில் ஆஃப் லேடிங்கில் (சரக்குக்குக் கப்பல் நிறுவனம் தரும் ரசீது) சேருமிடம் என்று எது எழுதியிருக்கிறது? உலர் துறைமுகத்தின் பெயர் இருந்தால், அதுவரை பெட்டிக்குப் பொறுப்பு கப்பல் நிறுவனம். கரைத் துறைமுகத்தின் பெயர் இருந்தால், அங்கிருந்து உள்ளே கொண்டுபோவது இறக்குமதி செய்பவரின் தலைவலி. சுங்கத்துக்கு பாண்ட் (உத்தரவாதப் பத்திரம்) கொடுக்க வேண்டும், ரயிலில் இடம் பிடிக்க வேண்டும், நாள் எண்ண வேண்டும். உலர் துறைமுகம் வெறும் கிடங்கா, உண்மையிலேயே துறைமுகமா என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

வெறும்பார்வையாளர்:
கேள்வி: நாள் எண்ண வேண்டும் என்றால்?

சுங்கவாசல்:
பெட்டி கப்பல் நிறுவனத்துடையது, நமக்கு வாடகை வீடு மாதிரி. இலவசமாகச் சில நாள் தருவார்கள். அதற்குள் பெட்டியை முனையத்திலிருந்து எடுக்காவிட்டால் டெமரேஜ் என்று ஒரு தாமதக் கட்டணம். எடுத்துப்போய்க் காலியாகத் திருப்பித் தராவிட்டால் டிடென்ஷன் என்று இன்னொரு கட்டணம். திருப்பித் தருகிற இடம் எது என்பதில்தான் வயிறு எரியும். ஒருமுறை எங்கள் வாடிக்கையாளரின் சரக்கு உலர் துறைமுகம் வரை அழகாக வந்து இறங்கியது. காலிப் பெட்டியைக் கரையில்தான் வாங்குவோம் என்று சொல்லிவிட்டது அந்தக் கப்பல் நிறுவனம். ரயிலில் காலிப் பெட்டிக்கு இடமில்லை. கடைசியில் லாரி வைத்து, வந்த வழியெல்லாம் வெறும் பெட்டியைச் சுமந்துகொண்டு போய் விட்டோம். ரயிலில் மிச்சம் பிடித்ததும் போய், மேற்கொண்டும் கைக்காசு போனது.

லாரிமுதலாளி:
அந்த லாரி என்னுடையதாக இருந்திருந்தால் உங்களுக்கு நன்றி சொல்லியிருப்பேன்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். கடல் இல்லாத நாட்டுக்கு இது வேண்டும். எத்தியோப்பியாவின் வெளிநாட்டு வணிகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் பக்கத்து நாடான ஜிபூட்டி வழியாகப் போகிறது. அவர்களுக்கு நாட்டுக்குள் இருக்கிற மோஜோ உலர் துறைமுகம் மாதிரி ஒரு இடம் இல்லாமல் முடியாது. ரயில் பாதையின் அகலம் மாறுகிற இடத்திலும் வேண்டும். சீனாவின் 1,435 மில்லிமீட்டர் பாதை முடிந்து கஜகஸ்தானின் 1,520 தொடங்குகிற கோர்கோஸில் பெட்டியை எப்படியும் தூக்கித்தான் ஆக வேண்டும், அங்கே தூக்குச் செலவைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் நங்கூரம் ஆரம்பித்தது "பெர்த் கட்டுவதற்கு முன்" என்று. கரையில் கிரேன் போதாமல் கப்பல் வெளியே காத்திருந்தால் உள்நாட்டு யார்டு என்ன செய்யும்?

நங்கூரம்:
கப்பல் காத்திருப்பது பல நேரம் கிரேன் போதாமல் இல்லை, யார்டில் இடம் இல்லாமல். முந்தைய கப்பலின் பெட்டி நகராததால் அடுத்த கப்பலின் பெட்டியை வைக்க இடம் கிடையாது. ரயில் பெட்டிகளை மொத்தமாக இழுத்துக்கொண்டு போனால் இடம் விடும்.

பெட்டிக்கணக்கு:
ரயில் வந்தால். உலர் துறைமுகத்தில் சுங்கச் சோதனை தேங்கினால் அங்கே யார்டு நிறையும், ரயிலை இறக்க இடமிருக்காது, ரயில் நிற்கும், கரையில் மறுபடி குவியும். அப்போது நெரிசல் தீரவில்லை, ஊர் மாறி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஒரு நாளில் எத்தனை பெட்டிக்கு அனுமதி தர முடியும் என்பதைப் பார்த்து அதற்கேற்றபடிதான் ரயிலை ஓட்ட வேண்டும். அதிகாரிகளை நியமிக்காமல் ரீச் ஸ்டாக்கர் (பெட்டியைத் தூக்கி அடுக்கும் வண்டி) வாங்குகிற திட்டங்கள்தான் எனக்குப் பயம்.

நங்கூரம்:
சரி, "முன்" என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கரையில் கிரேன்தான் குறை என்றால் முதலில் அங்கே செலவு செய்யட்டும். யார்டு நிறைவதுதான் குறை என்றால் உலர் துறைமுகம். மற்றதில் நான் இறங்கி வரமாட்டேன்: தொழில் உள்நாட்டுக்குப் போக வேண்டும் என்றால் துறைமுகமும் உள்ளே போக வேண்டும்.

லாரிமுதலாளி:
போகட்டும். கட்டாய உத்தரவு இல்லாமல் போகட்டும். கடைசி 50 கிலோமீட்டருக்கு எப்படியும் என்னிடம்தான் வருவீர்கள்.

சுங்கவாசல்:
வருவோம். காலிப் பெட்டியை எங்கே விடுவது என்று எழுதி வாங்கிக்கொண்டு வருவோம்.