மறு: ட்ரெமோலோவுக்குத் தமிழ் – நடுக்கமா, உருட்டா?

மாட்டுங்காவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு நாளாகப் பதில் எழுத முடியவில்லை. ஆனால் குழுவுக்கு வந்த மடல்களையெல்லாம் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டே படித்துவிட்டேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: அடுத்த மாதம் இங்கே மும்பையில் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் மாண்டலின், பியானோ கச்சேரி. மைக் கிடையாது, ஜமக்காளம் விரித்தால் நாற்பது பேர் உட்காரலாம். நிகழ்ச்சித் தாளைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பாதித் தாள் மடமடவென்று ஓடியது. ட்ரெமோலோ, அதாவது ஒரே சுரத்தை விடாமல் வேகமாகத் தட்டி நீட்டுவது, வந்ததும் பேனா நின்றுவிட்டது.

இதுவரை வந்த பரிந்துரைகள் நடுக்கம், அதிர்வு, கம்பிதம், விரைமீட்டு, தொடர்மீட்டு. ஐந்திலும் எனக்கு மனம் ஒட்டவில்லை.

‘நடுக்கம்’ என்று டெல்லி ஐயா எழுதியதற்கு அகராதி ஆதாரம் இருக்கிறது. இத்தாலிய மூலச்சொல்லுக்கு நடுங்குவது என்றுதான் பொருள். ஆனால் ஐயா, “கலைஞரின் நடுக்கம் இரண்டாம் பகுதியில் சிறப்பாக வெளிப்படும்” என்று தாளில் அச்சடித்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? பாவம், மேடை பயம் போல என்றுதானே? சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். நிஜமான சிக்கல் என்னவென்றால், சுரம் நடுங்குகிறது என்றாலே நம் காது சுருதி அசைவதாகத்தான் எடுத்துக்கொள்ளும். அது விப்ராட்டோ. கம்பிதம் என்ற நம் கமகத்திலும் அசைவது சுருதிதான். ட்ரெமோலோவில் சுருதி இம்மியும் நகர்வதில்லை. அசைவதெல்லாம் வலது கை.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. எலெக்ட்ரிக் கிதாரில் ட்ரெமோலோ ஆர்ம் என்று ஒரு நெம்புகோல் இருக்கிறதே, அதை அழுத்தினால் சுருதிதான் ஏறி இறங்கும், அதாவது விப்ராட்டோ. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரோடு ஃபெண்டர் கம்பெனி ஒட்டிய பெயர் அது, இன்றுவரை உரியவில்லை. தப்பான சொல் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் அவ்வளவுதான்.

அதனால் அகராதியை மூடிவிட்டுக் கை என்ன செய்கிறது என்று பார்ப்போம். மாண்டலினில் நான்கு ஜோடிக் கம்பிகள்; சுருதி சேர்ப்பது அப்படியே வயலின் மாதிரி. கழுத்தின் உச்சியில் உள்ள நட்டுக்கும் கீழே கம்பியைத் தாங்கும் குதிரைக்கும் நடுவே கம்பியின் நீளம் சுமார் 33 செ.மீ.தான். தட்டினால் ஒலி சட்டென்று தேய்ந்துவிடும். வயலினுக்கு வில் இருக்கிறது, புல்லாங்குழலுக்கு மூச்சு இருக்கிறது. மாண்டலினில் ஒரு சுரத்தை நாலு எண்ணிக்கை நிறுத்த வேண்டுமானால் அது சாவதற்குள் மறுபடி தட்ட வேண்டும், மறுபடி, மறுபடி. பிக், அதாவது விரலிடுக்கில் பிடித்துத் தட்டும் சின்னத் தகடு, கீழே போகும்போது ஒரு தட்டு, மேலே வரும்போது ஒரு தட்டு.

பாந்த்ராவில் எனக்குச் சொல்லிக்கொடுத்த கோவாக்காரப் பெரியவர் ஒரு காலத்தில் சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தவர். முதல் வாரம் வாத்தியத்தையே தொடவிடவில்லை. கை கழுவிவிட்டுத் துண்டு கிடைக்காவிட்டால் எப்படி உதறுவாய், அதைச் செய் என்றார். மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும், முழங்கை வாயைத் திறக்கக் கூடாது. நான் பிக்கை இறுக்கிப் பிடிப்பேன். அதைப் பிடுங்கிவிட்டு விரலிடுக்கில் ஒரு பழைய ரயில் டிக்கெட்டைச் செருகி, கசங்காமல் வைத்துக்கொண்டு கையை ஆட்டு என்பார். அவர் வாசித்து நான் பதிந்து வைத்திருந்ததை நேற்று கால் வேகத்தில் ஓட்டிக் கேட்டேன். ஒரு வினாடிக்குப் பன்னிரண்டு தட்டு தேறியது. மெதுவாகக் கேட்டால் டக்-டிக், டக்-டிக்; கீழ்த்தட்டு கொஞ்சம் கனம், மேல்தட்டு கொஞ்சம் மெலிவு. முழு வேகத்துக்குத் திருப்பினால் டக்கும் இல்லை டிக்கும் இல்லை, ஒரே நூல்.

சின்ன வயதில் சைக்கிள் போக்ஸ் கம்பிகளில் உரசுகிற மாதிரி சிகரெட் அட்டையைச் சொருகி ஓட்டியிருப்பீர்கள். மெதுவாகப் போனால் டப் டப் டப். மிதித்தால் டர்ர்ர்ர். அடி தனித்தனியாகத்தான் விழுகிறது. சக்கரம் உருளும் வேகத்தில் காது எண்ணுவதை விட்டுவிடுகிறது. ‘விரைமீட்டு’ இங்கேதான் போதவில்லை. வேகமான சரளி வரிசையும் விரைந்து மீட்டுவதுதான், ஆனால் அதில் சுரங்கள் மாறுகின்றன. இதில் ஒரே சுரம் உருண்டுகொண்டே இருக்கிறது.

என் பரிந்துரை: உருட்டுமீட்டு.

தவிலிலும் மிருதங்கத்திலும் உருட்டுச் சொல் என்பார்களே, அதே உருட்டு. பழைய சாட்சியும் உண்டு. சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழ் வாசிப்பின் எட்டு இசைக்கரணங்கள் வருகின்றன. வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் என்று போகும் வரிசையில் உருட்டல் ஒன்று. அதுவேதான் இது என்று வாதாட வரவில்லை. அந்த உருட்டல் விரல்களின் வேலை, பிக்குக்கு அங்கே இடமில்லை. கம்பிக் கருவியின் பக்கத்தில் இந்தச் சொல் முன்பே உட்கார்ந்திருக்கிறது, எனக்கு அது போதும்.

இன்னொரு சௌகரியம், இதற்கு வினை தானாக வருகிறது. “இந்த இடத்தில் உருட்டி வாசிங்க” என்று எந்த மாணவரிடமும் சொல்லலாம். “நடுக்கி வாசிங்க” என்று சொல்ல முடியுமா? வயலினுக்கும் நீளும்: வில்லால் செய்தால் உருட்டுவில். இசையமைப்பாளர் ஷோன்பர்கின் செரனேட் மாதிரிப் படைப்புகளில் மாண்டலின், கிதார், வயலின், வியோலா, செல்லோ, இரண்டு கிளாரினெட் எல்லாம் ஒரே குழுவில் உட்காருகின்றன. அங்கே மாண்டலினுக்கு ஒரு சொல், வயலினுக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு சொல் என்று வைத்தால் வாசிப்பவர் அடிக்க வருவார்.

தாளில் போட்டுப் பார்த்தேன். “பீத்தோவன் 1796இல் பிராக் நகரில் ஜோசஃபின் கிளாரி என்ற சீமாட்டிக்காக எழுதிய மாண்டலின் படைப்புகளில் நான்கு கிடைத்திருக்கின்றன. அக்காலத்து மாண்டலினில் பெரும்பாலும் ஒற்றை மீட்டுதான். உருட்டுமீட்டு அளவாகவே வரும். 19ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸில் பாஸ்குவாலே வினாச்சா எஃகுக் கம்பிக்கு ஏற்ப வாத்தியத்தை மாற்றிய பிறகு உருட்டுமீட்டே மாண்டலினின் குரல் ஆகிவிட்டது. ரஃபாயேலே கலாச்சே (1863–1934) எழுதிய தனி மாண்டலின் முன்னிசைகளில் மேல் கம்பியில் பாட்டை உருட்டிக்கொண்டே இடையிடையே கீழ்க்கம்பிகளையும் தொட வேண்டும். கண்ணை மூடினால் இரண்டு பேர் வாசிப்பது போலிருக்கும்.” வாயில் தடுக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

மாண்டலின் என்றதும் நம்மவர்கள் எல்லோருக்கும் உ. ஸ்ரீநிவாஸ் நினைவுக்கு வருவார். பிறகு ஏன் இதற்கு நம்மிடம் சொல் இல்லை? அவருக்குத் தேவைப்படவில்லை. ஜோடிக் கம்பிகளை ஒற்றையாக்கி, மின்சாரம் கொடுத்து, ஒலியை நீளவைத்து, அந்த நீளத்தில் கமகம் வாசித்தார். நாம் கேட்டு வளர்ந்த மாண்டலின் உருளாத மாண்டலின். பம்பாய் மாண்டலின் நேர்மாறு. மராத்தா மந்திர் தியேட்டரில் 1995இலிருந்து வருஷக்கணக்கில் ஓடிய ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ படத்தின் கதாநாயகன் கையில் இருப்பதும் மாண்டலின்தான். அவன் அதை வாசிக்கும் ‘துஜே தேகா தோ’ பாட்டு ஒலிக்காத ஆட்டோ இங்கே கிடையாது.

சேம்பர் மியூசிக்குக்கு ‘அறையிசை’ என்று வந்த பரிந்துரையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். யாரை அறைவது என்று கேட்பார்கள். ஒரு பங்குக்கு ஓர் ஆள், கை காட்ட நடத்துநர் கிடையாது, இதுதான் அதன் விஷயம். அறை பெரிதா சிறிதா என்பது அப்புறம். தாளில் ‘சிறுகுழு இசை’ என்று போட்டிருக்கிறேன்.

—

வாஷியிலிருந்து:

அண்ணா, எல்லாம் சரி. ஆனால் ‘உருட்டு’ என்றால் இன்றைக்கு என்ன அர்த்தம் தெரியுமா? கதை விடுவது! “பீத்தோவன் இதில் அளவாகவே உருட்டியிருக்கிறார்” என்று எங்கள் ஆபீஸ் குழுவில் யாராவது போட்டோ எடுத்துப் போட்டால் அன்றைக்கு முழுக்க அதுதான் ஓடும்.

—

செம்பூரிலிருந்து:

தம்பிகள் இருவருக்கும். நாற்பது வருஷமாக வீணை வாசிக்கிறேன், ‘மீட்டு’ என்ற பாதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வீணையில் ஒரு தடவை மீட்டிவிட்டு அந்த ஒலி தேய்வதற்குள் கம்பியை இழுத்து மூன்று நான்கு சுரம் எடுத்துவிடுவோம். ஒரு மீட்டு, பல சுரம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மாண்டலினில் ஒரு சுரம், பல மீட்டு. ஆகவே ‘மீட்டு’ கட்டாயம் இருக்க வேண்டும், வெறும் ‘உருட்டு’ போதாது. ஆனால் ‘உருட்டுமீட்டு’ நாக்கில் இரண்டு தடவை இடிக்கிறது. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகையாக உருள்மீட்டு என்று வைத்தால் என்ன? வாஷித் தம்பியின் பயமும் போய்விடும்.

—

மாட்டுங்காவிலிருந்து:

அக்கா, ஒரு சுரம் பல மீட்டு என்பதை அப்படியே தாளில் எடுத்துக்கொள்கிறேன், கோபிக்க வேண்டாம்.

வாஷித் தம்பிக்கு: கலாய்ப்பதை ‘ஓட்டுவது’ என்கிறோம், அதற்காக யாரும் வண்டி ஓட்டாமல் இல்லை. வழக்குச்சொல் ஐந்து வருஷத்தில் வேறு இடத்துக்குப் போய்விடும். ஆனாலும் உருள்மீட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், அக்கா சொல்வதுதான் சரி. பெயர் உருள்மீட்டு, வயலினுக்கு உருள்வில். வினைக்கு மட்டும் என் ‘உருட்டி வாசி’ இருக்கட்டும். பீத்தோவன் வரியையும் மாற்றிவிட்டேன்.

டெல்லி ஐயா இன்னும் நடுக்கத்தில் உறுதியாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது. பிளெக்ட்ரத்துக்கு இப்போது யாரும் தனி இழை தொடங்க வேண்டாம். ‘பிக்’ என்றே போட்டுவிட்டேன்.