வீட்டுப் பத்திரத்தில் யார் பேர்? மாமியார் பேரையும் சேர்க்கலாமா?

உறையூர்க்காரி

எல்லாருக்கும் வணக்கம். வயலூர் ரோடு பக்கம் ஒரு தனி வீடு பேசி முடித்து அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. விலை 58 லட்சம். அதில் என் பணம் 16 லட்சம்: கல்யாணத்துக்கு அம்மா போட்ட நகையில் கொஞ்சம் விற்ற 9, என் சேமிப்பு 7. வீட்டுக்காரர் பணம் 10. மீதி 32 லட்சம் வங்கிக் கடன், இரண்டு பேர் சம்பளத்தையும் காட்டி. நான் ஆசிரியை, அவர் தனியார் கம்பெனி. ஒரே பெண், ஒன்றாம் வகுப்பு.

வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று, தாய்ப்பத்திரத்தை வக்கீல் பார்த்துவிட்டார், எல்லாம் சுத்தம். வில்லங்கம் எங்கள் வீட்டுக்குள்தான். யார் பேரில் பதிவது?

"என் பேர்ல இருந்தா என்ன, உன் பேர்ல இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதானே" என்றார் அவர். அப்படியானால் என் பேரில் போடலாமே என்றேன். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார், "என் பேரையும் ஒரு ஓரமா சேர்த்துடுங்கப்பா, நாளைக்கு யாரும் என்னை வெளிய போன்னு சொல்லிடக் கூடாது" என்கிறார். அவர் பணம் எதுவும் போடவில்லை. ஆனாலும் அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. என் தம்பியோ, "பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா ஃபீஸ் கம்மிக்கா, உன் பேர்லயே போடு" என்கிறான்.

அடுத்த மாதம் கிரயம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்திரத்தாத்தா, கும்பகோணம்

27 வருஷம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியவன்மா நான். முதலில் தம்பி கணக்கை முடித்துவிடுவோம். 2025 ஏப்ரலிலிருந்து பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவுதான், ஆனால் 10 லட்சம் மதிப்பு வரை உள்ள சொத்துக்கு மட்டும். உங்கள் வீட்டுக்கு யார் பேரில் போட்டாலும் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. மொத்தம் 5 லட்சத்து 22 ஆயிரம்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பேரிலும் வாங்குங்கள். வெறுமனே பேரை மட்டும் போட்டு விட்டுவிடாமல், யாருக்கு எத்தனை பங்கு என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் போட்ட பணத்தின் விகிதப்படி பங்கு. அதற்கு ஆதாரம் இல்லையென்றால் சரிபாதி என்று எடுத்துக்கொள்வார்கள். கடனை ஆளுக்குப் பாதி கட்டுவதாக வைத்தால் உங்களுடையது 16-ம் 16-ம் 32, அவருடையது 26. நூற்றுக்கு 55-க்கு 45.

நகை விற்ற பணம் உங்கள் கணக்கில் ஏறி, அங்கிருந்தே நேராக விற்பவருக்குப் போகட்டும். ரொக்கமாக அவர் கையில் கொடுத்து அவர் செக் எழுதினால், ஏட்டில் அது அவர் பணம்.

இன்னொன்று. பேங்க் ஜாயின்ட் கணக்கு மாதிரி, ஒருத்தர் போனால் வீடு தானாக மற்றவருக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. போனவருடைய பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். மாமியார் பங்கும் அப்படித்தான். அவருக்கு வேறு பிள்ளைகள் உண்டா?

மல்லிகைப்பந்தல், மதுரை

உறையூர் தங்கச்சி, தாத்தா கேட்ட கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதே. எங்கள் வீடு அவர் பேரில் மட்டும் இருந்தது. 2019-ல் மாரடைப்பு. வாரிசுச் சான்றிதழில் நான், இரண்டு பிள்ளைகள், மாமியார். ஆளுக்குக் கால் பங்கு. மகன் சொத்தில் தாய்க்கும் பங்கு உண்டு என்பதே தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றபோதுதான் எனக்குத் தெரியும்.

மாமியார் தங்கமானவர். தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறேன் என்றார். இந்த மாதம், தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போய் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமனார் முன்பே இல்லை. மாமியாருடைய கால் பங்கு மூன்றாகப் பிரிந்தது: இரண்டு நாத்தனார்களுக்கு ஒவ்வொன்று, என் பிள்ளைகளுக்கு அவர்கள் அப்பா வழியில் ஒன்று. பெரிய நாத்தனார் கேட்ட மறுவாரமே கையெழுத்துப் போட்டார். சின்னவரின் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு ஒன்றரை வருஷம் நடந்தேன். சின்ன மகன் மைனர், அவன் பங்கை விற்கக் கோர்ட் அனுமதி வேண்டும். வீட்டை விற்றுக் கடனை அடைக்கும் யோசனை அதோடு நின்றது.

கணக்கர் 72

வரி பக்கம் சுருக்கமாக. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் 1% பிடித்தம் செய்து வாங்குபவர்தான் கட்ட வேண்டும் (விற்பவர் வெளிநாட்டுவாசியாக இல்லாதபோது). உங்களுக்கு 58,000. இரண்டு பேர் வாங்கினால் இரண்டு பேரும் அவரவர் பான் எண்ணில் தனித்தனியாகக் கட்ட வேண்டும். விற்பவருக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு அப்புறம் முழிக்காதீர்கள். பழைய வரிமுறையில் இருந்தால் வட்டிக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை கழிக்கலாம், ஆனால் கடனிலும் பத்திரத்திலும் பேர் இருக்க வேண்டும். புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அது கிடையாது.

மாமியார் பேரில் *மட்டும்* வாங்கலாம் என்று யாராவது கிளப்பினால் அங்கேயே நிறுத்துங்கள். கணக்கில் வந்த சொந்தப் பணத்தில் மனைவி, பிள்ளை பேரில் வாங்கினால் பினாமிச் சட்டத்தில் விலக்கு உண்டு. தாய் என்றால் நம் பேரும் சேர்ந்து இருந்தால்தான்.

உறையூர்க்காரி

மாமியாருக்கு இன்னும் ஒரு மகன், ஒரு மகள். மதுரை அக்கா எழுதியதை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். வாயே திறக்கவில்லை. தாத்தா, இன்னொரு கேள்வி. நான் போய்விட்டால் என் அம்மாவுக்கு ஏதாவது வருமா? அது அவள் போட்ட நகை.

பத்திரத்தாத்தா, கும்பகோணம்

வராதும்மா. உயில் இல்லாவிட்டால் உங்கள் பங்கு புருஷனுக்கும் மகளுக்கும் சமமாகப் போகும். மகன் சொத்தில் தாய் முதல் வரிசை. மகள் சொத்தில் தாய்க்கு முன்னால் கணவன் வீட்டார்கூட நிற்கிறார்கள், அவள் சம்பாதித்து வாங்கியதாக இருந்தாலும். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, நான் என்ன நீதிபதியா?

ஆளுக்கு ஓர் உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சியும் போதும். பதிவு கட்டாயமில்லை, பதிந்தால் நல்லது. நீங்கள் அம்மாவுக்கு வேண்டியதை எழுதுங்கள். அவர் தன் பங்கை உங்களுக்கு எழுதி, தாயாருக்கு ஆயுள் வரை குடியிருக்கும் உரிமை என்று ஒரு வரி சேர்க்கட்டும். பெரியம்மா கேட்பது பங்கு இல்லை, இடம்.

உறையூர்க்காரி

நேற்று ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். அவர் 50-50 என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். நான் 55-ல் நின்றேன். சரி என்றுவிட்டார். மாமியாருக்கு ஒரே ஒரு சந்தேகம்: "பூஜை ரூமை ஒட்டின ரூம்னு உயில்ல எழுதுவாங்களா?" எழுதலாமா தாத்தா?

பத்திரத்தாத்தா, கும்பகோணம்

தாராளமாக. தரைத்தளம், பூஜை அறைக்குக் கிழக்கே உள்ள அறை, குளியலறைக்கும் சமையல்கட்டுக்கும் போய்வரும் பாதை உள்பட என்று எழுதச் சொல்லுங்கள். அறையை எழுதிப் பாதையை விட்டுவிட்டு எத்தனை பேர் வந்து நின்றிருக்கிறார்கள் தெரியுமா என்னிடம்.