வீட்டு மாமரத்தை வண்டு துளைக்கிறது, வெட்டாமல் காப்பாற்ற முடியுமா?

திருவட்டாறு விளை:
எங்கள் வீட்டு விளையில் (தோட்டத்தில்) நன்றாகக் காய்க்கிற செங்கவருக்கை மாமரம் ஒன்று நிற்கிறது. மாமியார் நட்டது. 2017இல் ஒக்கிப் புயலில் கிழக்குப் பக்கத்துக் கொம்பு முறிந்தது, மரம் தாக்குப்பிடித்துவிட்டது. இப்போது அந்த முறிவுக்குக் கீழே பட்டை வெடித்து, ஈரமான நாரும் தூளுமாக வெளியே தள்ளுகிறது. கூடவே கறுப்பு நீர் வடிகிறது. அந்தப் பக்கத்து இலைகள் மட்டும் மஞ்சளித்து உதிர்கின்றன. இரவில் அடிமரத்தில் காதை வைத்தால் உள்ளே கறக் கறக்கென்று கடிக்கிற சத்தம் கேட்கிறது.

விலை பேசி வெட்டிக் கொடுத்துவிடச் சொல்கிறார் ஒருவர். தானியத்துக்கு வைக்கிற விஷ மாத்திரையைத் துளையில் போட்டு அடைக்கச் சொல்கிறார் இன்னொருவர். மரத்தை ஒட்டியே படுக்கையறை ஜன்னல், நாலடி தள்ளிக் குடிதண்ணீர்க் கிணறு. இரண்டுக்குமே எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

குலசேகரம் ரப்பர்க்காரர்:
தங்கச்சி, வெட்டாதீர்கள். ஒரு பக்கம்தான் வாடுகிறது என்றால் மரத்துக்கு இன்னும் உயிர்ச்சாறு ஏறுகிறது. வாடின கிளையில் நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கிளையையும் விட்டுவைக்கலாம். காய்ந்துபோன பகுதியை மட்டும் அறுத்து எரித்துவிடுங்கள்; விறகுக்கென்று அடுக்கிவைத்தால் உள்ளே இருக்கும் புழு அங்கிருந்தே வண்டாகி வெளியே வரும்.

இது தண்டு துளைப்பான். பருவமழை தொடங்குகிற காலத்தில் நீள மீசையுள்ள சாம்பல் நிற வண்டு வெளியே வந்து, பட்டை வெடிப்பிலும் முறிவுக் காயத்திலும் முட்டையிடும். மரத்தைக் கெடுப்பது அதன் புழுதான். வெளிர் மஞ்சள் நிறம், கால் கிடையாது, விரல் பருமன், தலையில் கறுத்த தாடை. பட்டைக்கு அடியில் குடைந்து உள்ளே போய், ஏறக்குறைய ஒரு வருடம் மரத்துக்குள்ளேயே கிடக்கும். மரத்தைச் சுற்றிலும் குடைந்துவிட்டால் பிறகு எதுவும் செய்ய முடியாது. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

தூள் எங்கே புதிதாக, ஈரமாக விழுகிறதோ அந்தத் துளைதான் உங்களுக்கு வேண்டும். காய்ந்த தூள் கிடக்கும் துளையில் புழு இருக்காது. சுற்றியுள்ள செத்த பட்டையைக் கத்தியால் செதுக்கி எடுங்கள். சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றின் நுனியைக் கொக்கியாக வளைத்து, துளை போகும் போக்கிலேயே மெதுவாக விடுங்கள். மெத்தென்று தட்டுப்படும். குத்தித் திருகி இழுங்கள். எட்டாத ஆழத்தில் இருந்தால், மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்துக் களிமண்ணால் வாயைப் பூசிவிடுங்கள்.

அந்த மாத்திரை வேண்டவே வேண்டாம். அது அலுமினியம் பாஸ்பைடு. ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வரும், ஆளைக் கொல்லும். ஜன்னல் ஓரத்தில் அதை வைக்கச் சொல்வது கொடுமை.

புழுவை எடுத்தபின் காயத்துக்குப் போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். உங்களுக்கு இதில் கால்பங்கு போதும். இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது, பிளாஸ்டிக் வாளி எடுங்கள். பளபளப்பான ஆணியைக் கொஞ்ச நேரம் முக்கிப் பாருங்கள்; செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். ரப்பர் வைத்திருக்கிற எந்த வீட்டிலும் இந்தக் கலவை தெரியும், கேட்டால் கலக்கித் தருவார்கள்.

தக்கலை மாடித்தோட்டம்:
பக்கத்தில் இலவம் பஞ்சு மரம் இருக்கிறதா அக்கா? இந்த வண்டு அதையும் நாடி வரும். பலாவுக்கும் இதே தொல்லைதான், வருக்கைப் பலா நின்றால் அதன் மூட்டையும், அதாவது அடிப்பகுதியையும், பார்த்துவிடுங்கள். பழைய கையேடுகளில் அடிமரத்துக்குக் கார்பரில் என்ற பூச்சிமருந்தைப் பூசச் சொல்லியிருக்கும். 2018லேயே தடை செய்துவிட்டார்கள், யாராவது மிச்சம் வைத்திருந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் தூளையும் புழுவையும் ஒரு பாட்டிலில் போட்டுக்கொண்டு பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கோ திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போய்க் காட்டலாம்.

திருவட்டாறு விளை:
அண்ணாச்சி சொன்னபடியே செய்தோம். செத்த பட்டையை எடுத்ததும் அடியில் வளைந்து வளைந்து ஓடிய தடம் தெரிந்தது, முழுக்க நார் அடைத்திருந்தது. கம்பியில் ஒரு புழு வந்தது, என் நடுவிரல் நீளம். வெளியே போட்ட பிறகும் தாடையை அசைத்துக்கொண்டிருந்தது. பசையும் பூசியாயிற்று. இலவம் இல்லை, பலாவில் ஒன்றும் காணவில்லை. ஆனால் மாமரத்தின் மூட்டோரம் இன்னொரு சின்னத் துளை இருக்கிறது, தூள் இல்லை. அதையும் தோண்டவா?

குலசேகரம் ரப்பர்க்காரர்:
தோண்டாதீர்கள், நல்ல மரத்தில் புதுக் காயம் வேண்டாம். துளை வாயில் கொஞ்சம் களிமண் வைத்து, மூட்டைச் சுற்றிச் சுத்தமாகப் பெருக்கிவிடுங்கள். புழு இருந்தால் சில நாளில் மண்ணைத் தள்ளித் தூள் விழும், அப்போது கம்பியை எடுக்கலாம். இடவப்பாதி மழைக்கு (ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழைக்கு) முன்னால் அடிமரத்தில் மூன்றடி உயரத்துக்குத் தாரும் மண்ணெண்ணெயும் ஒன்றுக்கு இரண்டாகக் கலந்து பூசினால் வண்டு அங்கே முட்டையிடாது.